அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு

ராபர்ட்சன்பேட்டை
4.3.2024

அன்புள்ள ஷோபா அக்காவுக்கு,

சகு எழுதிக்கிறேன். இங்க நானு, அவரு, தேஜு மூணு பேரும் நல்லா இருக்கோம். உன் முட்டி வலி எப்படி இருக்கு? ஹரிஷ் மாமாவுக்கு இருமல் நின்னுச்சா?

மூணு தடவ போன் போட்டேன், போவல. உங்க காபி எஸ்டேட்டுல டவர் வேணும்னா நீ மேட்டு ரோடு வரைக்கும் ஏறி வரணும், அதுவும் அந்த முட்டியோட. அதான் லெட்டரு. ஆபீஸ் தபால் பைல தினமும் வந்துடும்னு மாமா சொன்னாரே.

ஆப்பரேஷன் முடிஞ்சு இன்னைக்கு பதினஞ்சாவது நாளு. பெங்களூர்ல மூணு நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க. வயித்த முக்காவாசி வெட்டி எடுத்துட்டு ஒரு வாழப்பழம் அளவுக்கு மிச்சம் வச்சிருக்காங்களாம். நூத்தி இருபத்தோரு கிலோவா உள்ள போனவ இப்ப நூத்தி பன்னெண்டு. பருப்புத் தண்ணி, மோரு, அவ்ளோதான். ஒரு வாய் முழுங்கிட்டு அடுத்த வாய்க்கு கடிகாரத்தப் பாத்துனு உக்காந்திருக்கேன்.

நீ வேணாம்னு சொன்னே. "உடம்ப அறுத்துத்தான் எளைக்கணுமா"ன்னு கேட்டே. நான் கேக்கல. நீயும் வரல. எனக்கு வருத்தமில்ல அக்கா. தியேட்டருக்குள்ள தள்ளினு போறப்ப அம்மாதான் கண்ணுல நின்னாங்க. சக்கரைல ஒரு கால எடுத்து, அப்பவும் கேக்காம, அம்பத்தஞ்சு வயசுல போய்ச் சேந்தாங்களே. ஒம்பது வருஷம் ஆயிடுச்சு. எனக்கு நாப்பத்திரண்டு, சக்கர முன்னூறு. பதிமூணு வருஷம்தான் இருக்குன்னு நெனச்சுனேதான் அந்தக் கட்டில்ல படுத்தேன்.

மாமாவ கேட்டதா சொல்லு. பதில் போடு.

உன் தங்கச்சி,
சகுந்தலா


குடகு
14.3.2024

அன்புத் தங்கை சகுவுக்கு,

உன் லெட்டர் நேத்து கிடைச்சுது. மாமா நல்லா இருக்கார். என் முட்டி அப்படியேதான் இருக்கு, அதை விடு.

நான் வராதது கோவத்தால இல்ல. பயந்துட்டேன், அவ்வளவுதான். அம்மாவை அந்த ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டவ நானு. இன்னொரு தடவை அப்படி ஒரு பெஞ்சுல உக்கார எனக்குத் தெம்பு இல்ல. ஆனா அது ஒரு சாக்கு, எனக்கே தெரியும். வந்திருக்கணும். மன்னிச்சுக்கோ.

எஸ்டேட் காப்பகத்துல நான் பாத்துக்கற குழந்தைங்க இப்ப இருபத்திரண்டு. அதுங்களுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் உன்னை நெனச்சுக்கறேன். மெல்ல மென்னு தின்னு. டாக்டர் என்னென்ன மாத்திரை குடுத்தார், அடுத்த செக்கப் என்னைக்கு, எழுது. எதுவா இருந்தாலும் மறைக்காம எழுது. "நான் அப்பவே சொன்னேனே"ன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

தேஜுவுக்கு முத்தம். மஞ்சுநாத்தை விசாரிச்சதாச் சொல்லு.

அக்கா,
ஷோபா


ராபர்ட்சன்பேட்டை
12.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். நம்ம தையல் சாமான் கடைல யுகாதி கூட்டம், கை ஒழியல, அதான் லேட்டு.

நூத்தியொண்ணு கிலோ! சக்கர மாத்திரையே வேணாம்னுட்டாரு டாக்டரு. மஞ்சநெற சேலைக்கு ஃபால்ஸ் வாங்க வந்த மங்கம்மா என்னை அடையாளம் தெரியாம "கடைக்காரம்மா இல்லியா"ன்னு என்கிட்டயே கேக்குறா. அப்பால தெரிஞ்சுனு, "இன்னா சகு, தேஜுக்கு அக்கா மாதிரி கீறே"ன்னு ஒரே கூத்து. பஜார்ல நடந்தா நாலு பேரு நிறுத்தி எந்த ஆஸ்பத்திரின்னு கேக்குறாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் மொதல் தடவையா பழைய மெரூன் ரவிக்க போட்டேன். அவரு பாத்துட்டு அன்னைக்கு பூவு வாங்கினு வந்தாரு.

இப்ப கொழைய வடிச்ச சோறு, முட்ட வெள்ளை, மசிச்ச கீர எல்லாம் சாப்பிடலாம்னு சொல்லிருக்காங்க. கல்லாகிட்ட நின்னுனே ரெண்டு வாய் போட்டுக்கிறேன். சாப்டதும் கடைக்குப் பின்னால தொட்டிகிட்ட கொஞ்ச நேரம் நிப்பேன், அப்பால சரியாயிடும்.

மே மாசம் செக்கப்புக்குப் போறேன். உன் முட்டிக்கு எண்ண தேய்ச்சுக்கோ.

சகு


குடகு
24.4.2024

சகுவுக்கு,

இங்க எல்லாரும் நலம். உன் லெட்டரைப் படிச்சு மாமா ரொம்ப சந்தோஷப்பட்டார். நானும்தான். மெரூன் ரவிக்கையில ஒரு போட்டோ அனுப்பு.

ஆனா ஒரு வரியை நாலு தடவை படிச்சேன். தொட்டிகிட்ட எதுக்கு நிக்கறே?

மாத்திரை பத்திக் கேட்டேன், நீ எழுதல. செக்கப் ஏப்ரல்ல இருந்திருக்கணுமே, ஏன் மே மாசம்? நான் படிச்சவ இல்ல, டவர் கிடைக்கிற அன்னைக்கு ரெண்டு விஷயம் பாத்து வச்சிருக்கேன், அவ்வளவுதான். சின்ன வயிறு ஆனவங்க ஆயுசுக்கும் வைட்டமின் மாத்திரை எடுக்கணுமாம். எடுக்கறியா?

வாந்தி வருதா? ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தை எழுது.

ஷோபா


ராபர்ட்சன்பேட்டை
20.5.2024

அக்காவுக்கு,

சௌக்கியம். எம்பத்தெட்டு கிலோ. மத்தவங்களுக்கு ஆறேழு மாசத்துல கொறையறது எனக்கு மூணே மாசத்துல கொறஞ்சிடுச்சு. இத எழுதுனா நீ சந்தோஷப்படுவேன்னு பாத்தா, நீ போலீசு மாதிரி விசாரிக்கிறே.

ஆப்பரேஷன் பண்ண யாருக்குத்தான் வயிறு பேஜாரு பண்ணாது? எல்லாருக்கும் வரதுதான் எனக்கும். ஒரு நாளு சாப்டலன்னா கிலோ கொறையுது, அதுலயும் ஒரு நல்லது இருக்கு.

முடி கொஞ்சம் கொட்டுது. நாளெல்லாம் கடைல நிக்கிறதால உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நேத்து ஒரு கால்ல செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம மார்க்கெட் வரைக்கும் நடந்துட்டேன். தேஜு சிரிக்கிறா.

செக்கப்புக்கு ஜூன்ல போறேன். ஆஸ்பத்திரி டயட் மேடம், தெனம் என்ன தின்னேன்னு எழுதுன நோட்ட காமிக்கச் சொல்லும், நான் எழுதி வைக்கல.

மாமாவ கேட்டதா சொல்லு.

சகு


குடகு
3.6.2024

என் கண்ணு சகு,

இங்க மழை பிடிச்சுடுச்சு. மூணு நாளா கரண்ட் இல்ல, குழந்தைங்களைக் கொண்டு வந்து விடறவங்களும் பாதிப் பேர்தான். நாங்க நல்லா இருக்கோம்.

நான் கேட்ட விதம் தப்பு. திட்டறதுக்காக எழுதல. அந்தச் செருப்பு சமாசாரத்தைப் படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அம்மாவுக்கும் கால் மரத்துப்போய்தான் ஆரம்பிச்சுது. ஆனா உனக்கு இப்ப சக்கரை இல்லைங்கறே. அப்ப இது என்ன?

உன் கையெழுத்தைப் பாத்தியா? போன லெட்டர்ல வரி கோட்டை விட்டு ஏறி இறங்குது. நீ ஸ்கூல்ல கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவ.

ஞாயித்துக்கிழமை மழையில மேட்டு ரோடு ஏறி நாலு தடவை போன் போட்டேன். மணி அடிச்சுது, எடுக்கல. கடைசித் தடவை மஞ்சுநாத் எடுத்து, "தூங்குறா அக்கா, நல்லாத்தான் இருக்கா"ன்னார். பகல் பதினோரு மணிக்குத் தூங்கறவளா நீ?

ஜூன் கடைசி வரைக்கும் தள்ளாதே. இந்த வாரமே போ.

ஷோபா


(கார்டு)
குடகு
19.6.2024

சகுவுக்கு, ரெண்டு வாரமா உன்கிட்ட இருந்து பதில் இல்ல. தந்தியாவது இருந்தா அடிச்சிருப்பேன். இங்க டவரே செத்துப் போச்சு. நல்லா இருக்கேன்னு ஒரு கார்டு போடு. தேஜுவை விட்டாவது எழுதச் சொல்லு. மாமாவும் கேக்கறார். ஷோபா


ராபர்ட்சன்பேட்டை
24.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சகு எழுதிக்கிறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். மழ வந்துச்சு. தேஜுக்கு காலேஜு தொறந்துட்டாங்க. நூல்கண்டு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, ஒண்ண எடுக்கப் போனா இன்னொண்ணு கைல வரல. பலவீனம்னு அவரு இட்டுனு போயி குளுக்கோஸ் ஏத்துனாரு. தேஜுக்கு காலேஜு தொறந்துட்டாங்க. நம்ம அப்பா நந்திதுர்க் சுரங்கத்துக்கு ஷிப்டு போனவரு இன்னும் வரல. சோறு மூடி வச்சிருக்கேன்.

அம்மா போன வாரம் உங்க வீட்டுக்குத்தானே கிளம்புனாங்க? வந்துட்டாங்களா? மழைல அனுப்பாத. இன்னும் ரெண்டு நாளு வச்சுக்கோ. அம்மாவ கேட்டதா சொல்லு. கால பத்தரமா பாத்துக்கச் சொல்லு.

மழ வந்துச்சு. தேஜுக்கு காலேஜு

சகு


பெங்களூர், ஆஸ்பத்திரியில் இருந்து
6.7.2024

தேஜுவோட பெரியப்பாவுக்கு,

நான் பத்திரமா இருக்கேன். நீங்க மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கோங்க. உங்க போனுக்கு லைனே கிடைக்கல, அதனால இதை எழுதி மடிக்கேரி பஸ்சுல குடுத்தனுப்பறேன், எஸ்டேட் ஜீப் ஓட்டற விநாயக் வாங்கிட்டு வந்து தருவான்.

சகு லெட்டர் வந்த அன்னைக்கு விநாயக் என்னை மடிக்கேரியில இறக்கி விட்டதும் முதல்ல மஞ்சுநாத்துக்குத்தான் போன் போட்டேன். "சகு எங்க?"ன்னேன். "பின்னால படுத்திருக்கா அக்கா. நடந்தா சாயறா. டிரிப்ஸ் போட்டாச்சு, ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்னாங்க" அப்படின்னார். என்னைக்கோ மூடின சுரங்கத்துக்கு அப்பா ஷிப்டு போயிருக்கார்னு எழுதியிருந்த அந்த லெட்டரை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா வந்துட்டாங்களான்னு அவ கேட்டிருந்த இடம் வந்ததும், "என்கிட்டயும் கேட்டா அக்கா. கனவு கண்டிருப்பான்னு விட்டுட்டேன்"னு சொல்லி அழுதுட்டார். "அழாதே மாப்ளே, இப்பவே வண்டி எடு. வேற எங்கயும் நிக்காம ஆப்பரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே போ"ன்னேன்.

வழியில மண்ணு சரிஞ்சு ஒரு நாள் பூரா பஸ்சு நகரல. ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போய்ச் சேர்றதுக்குள்ள அவ இருப்பாளான்னு, கேக்கக் கூடாததெல்லாம் மனசு கேட்டுது.

இருக்கா. ஆனா நான் பாத்த சகு வேற. கழுத்து எலும்பு தெரியுது. கண்ணு ரெண்டும் ஒரு இடத்துல நிக்காம ஆடுது. என்னைப் பாத்ததும் சிரிச்சா. "நீ எப்பக்கா வந்தே? அம்மாவ எங்க விட்டுட்டு வந்தே?"

"மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க"ன்னுட்டேன். கால் மணி கழிச்சு மறுபடி கேட்டா. நாள் பூரா கேட்டா. ஒவ்வொரு தடவையும் மார்க்கெட்டுக்கு அனுப்பினேன்.

டாக்டரம்மா என்னையும் மஞ்சுநாத்தையும் உக்கார வச்சு சொன்னாங்க. மூணு மாசமா தினமும் வாந்தி எடுத்திருக்கா. சாப்பாடு தங்கல, வைட்டமின் மாத்திரையையும் குமட்டுதுன்னு விட்டுட்டா. உடம்புல பி-ஒன்னுன்னு ஒரு சத்து சுத்தமாத் தீந்து மூளையைப் பாதிச்சிருக்கு. அந்த சத்தைக் குடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்தினது இன்னும் மோசமாக்கிடுச்சாம். ஊசியை வந்த உடனே ஆரம்பிச்சுட்டாங்க. "முழுசா திரும்புவாங்களா?"ன்னு மஞ்சுநாத் கேட்டார். "கண்ணு சீக்கிரம் சரியாகும். நடையும் ஞாபகமும் எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகியிருந்தா இந்தப் பேச்சுக்கே வேலை இருந்திருக்காது"ன்னாங்க.

வாந்திக்குக் காரணம், வெட்டித் தச்ச இடத்துல ஒரு சுருக்கம் விழுந்திருக்கு. அதை பலூன் விட்டு விரிச்சாங்க. அரை மணி நேரம்கூட ஆகல. மார்ச் மாசமே வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமாம். இவ என்னடான்னா, தான் ஒழுங்கா மெல்லாததாலதான் வருதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு அந்தத் தொட்டிகிட்டயே நின்னிருக்கா.

நான் எப்ப திரும்புவேன்னு தெரியல. காப்பகத்தை ஞானசுந்தரிகிட்ட விட்டுட்டு வந்தேன், ஒரு எட்டு பாத்துக்கோங்க. எனக்குப் பயமா இருக்குங்க. இங்க யார்கிட்டயும் அதைக் காட்ட முடியல, உங்களுக்குத்தான் எழுதறேன்.

ஷோபா


ராபர்ட்சன்பேட்டை
11.8.2024

டியர் பெரியம்மா,

தேஜஸ்வினி. நீங்களும் பெரியப்பாவும் எப்படி இருக்கீங்க? நான் ஸ்கூல்ல கன்னடாதான், தமிழ் எழுத்து தப்பா இருந்தா சாரி.

நீங்க ஊருக்குப் போனப்புறம் அம்மா கொஞ்சம் பெட்டர். வாக்கர் பிடிச்சு ஹால் வரைக்கும் வராங்க. டாக்டர் சொன்ன எக்சர்சைஸ் நான்தான் பண்ண வைக்கிறேன். பாட்டி இறந்துட்டாங்கன்னு இப்ப அம்மாவுக்குத் தெரியும். ஆனா ஜூன் மாசம் எதுவும் ஞாபகம் இல்ல. என்னை காலேஜ்ல சேர்க்க வந்தது அம்மாதான், அதுவும் மறந்துட்டாங்க.

பெரியம்மா, ஒரு விஷயம் உங்ககிட்ட நேர்ல சொல்ல முடியல. எனக்கு ஏப்ரல்லேயே தெரியும். அம்மா வாந்தி எடுக்கறத பாத்துட்டேன். "அப்பாகிட்ட சொல்லாத, பெரியம்மாகிட்ட சொல்லவே சொல்லாத, 'நான் சொன்னேன் பாத்தியா'ன்னு கேப்பா"ன்னு பிராமிஸ் வாங்கிட்டாங்க. நானும் சும்னே இருந்துட்டேன். அம்மா ஸ்லிம் ஆனது எனக்கும் பிடிச்சிருந்துச்சு. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் பாராட்டினாங்க. அம்மா செருப்பு விழுந்தது தெரியாம நடந்தப்ப நான் சிரிச்சேன்.

அம்மா ராத்திரி மூச்சு விடறாங்களான்னு எழுந்து எழுந்து பாக்கறேன். அப்பாவும் பாக்கறாரு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறது இல்ல.

தேஜு


குடகு
20.8.2024

என் தங்கம் தேஜுவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். உன் தமிழ்ல ஒரு தப்பும் இல்ல.

பதினேழு வயசுப் பொண்ணுகிட்ட அப்படி ஒரு சத்தியம் வாங்கினது உங்கம்மா தப்பு. அவ என்கிட்ட சொல்லப் பயந்தாளே, அது என் தப்பு. சொல்ல மாட்டேன்னு ஒரு லெட்டர்ல எழுதினேனே தவிர, வருஷக்கணக்கா எல்லாத்துக்கும் சொன்னவதான் நான். உன்மேல இதுல ஒண்ணும் இல்ல.

இனிமே அம்மா எதைச் சொல்ல வேணாம்னு சொல்றாளோ அதை முதல்ல அப்பாகிட்ட சொல்லு. அம்மா கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். ராத்திரி நீ தூங்கு. அப்பாகிட்ட, "ஒரு நாள் நீங்க பாருங்க, ஒரு நாள் நான் பாக்கறேன்"னு வாய் விட்டுச் சொல்லிடு.

பெரியம்மா


ராபர்ட்சன்பேட்டை
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சகு எழுதிக்கிறேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் இதான் என் கையால எழுதுற மொதல் லெட்டரு. ரெண்டு நாளா எழுதினு இருக்கேன். வரி கோணலா போனா பயப்படாத, கை இன்னும் நடுங்குது, புத்தி சரியாத்தான் இருக்கு. நீ எப்படி இருக்கே? மாமா நல்லா இருக்காரா?

வாக்கர விட்டுட்டேன், கைத்தடிதான் இப்ப. காலைல தேஜு காலேஜுக்கு ரயில் ஏறப் போறப்ப நானும் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோல போயி, பிளாட்பாரத்துல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நாலு தடவ நடக்குறேன். அங்க சமதளம், விழுந்தாலும் தூக்க ஆளு இருக்காங்க. கண்ணு சரியாயிடுச்சு. உள்ளங்கால் மட்டும் இன்னும் என்னுதா இல்ல. அது அப்படியே நின்னு போனாலும் போவும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

சாப்பாடு இப்ப உக்காந்துதான். கல்லாகிட்ட இல்ல. சின்னக் கிண்ணத்துல மொதல்ல முட்ட, மீனு, இல்லன்னா பாசிப்பயறு. அதுக்கு அப்பால எடம் இருந்தா ரெண்டு வாய் களியோ சோறோ. அரை மணி நேரம் ஆவுது. தண்ணி சாப்பாட்டோட இல்ல, தனியா. முன்ன அந்த நோட்டு எழுதாம திரிஞ்சேன் இல்ல, இப்ப அவருதான் எழுதுறாரு. என்ன தின்னேன், மாத்திரை போட்டேனா, வயிறு எப்படி, எல்லாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் குடுக்கணும், ஆயுசுக்கும். எழுபத்தொம்பது கிலோ. ரெண்டு கிலோ ஏறியிருக்கு, டாக்டரம்மா கை தட்டுனாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு, சந்தோஷத்துல இல்ல. எடை முள்ளு மேல போறதப் பாத்தாலே இன்னும் கண்ண மூடிக்கிறேன்.

நீ கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லாம விட்டேன் இல்ல, இப்ப சொல்றேன். மார்ச் கடைசிலேர்ந்தே வாந்தி. மொதல்ல ஒண்ணு, அப்பால நாளுக்கு நாலஞ்சு. நீ "வாந்தி வருதா"ன்னு கேட்டு எழுதுன லெட்டர கைல வச்சுனுதான் அன்னைக்கும் தொட்டிகிட்ட நின்னேன். உனக்கு பயந்தேன்னு தேஜு எழுதுச்சாம். அது பாதிதான். இன்னொரு பாதி, எனக்கு அந்த எளைப்பு வேணும்னு இருந்துச்சு. வாந்தி நின்னா எளைக்கிறதும் நின்னுடும்னு நெனச்சேன். பஜார்ல நாலு பேரு நிறுத்திப் பேசுறது எனக்கு அவ்ளோ புடிச்சிருந்துச்சு அக்கா. அம்மா மாதிரி சாவக் கூடாதுன்னு போனவ, அத மறந்தே போயிட்டேன்.

போன வாரம் மங்கம்மா தன் மருமகள இட்டுனு வந்தா. அந்தப் பொண்ணுக்கு அடுத்த மாசம் இதே ஆப்பரேஷன். "பண்ணலாமா"ன்னு கேட்டுது. என் தடியப் பாத்துனே கேட்டுது. நான் வேணாம்னு சொல்லல. எனக்கு சக்கர போச்சு, மூச்சு வாங்குறது போச்சு, அதுவும் நெசந்தானே. "பண்ணு. ஆனா ஒரு தடவ வாந்தி வந்தாலும் அன்னைக்கே போன் பண்ணு, டாக்டருக்கு மொதல்ல, எனக்கு ரெண்டாவது"ன்னேன்.

லெட்டர இதோட முடிக்கலாம்னுதான் காலைல எடுத்து வச்சேன். ஆனா இன்னைக்கு ஒண்ணு ஆச்சு. பயறு சாப்டுனு இருக்கப்பவே நெஞ்சுல நின்னுச்சு, எழுந்து போறதுக்குள்ள வாந்தி வந்துடுச்சு. ஒரு தடவதான். ஜூலைக்கு அப்புறம் இதான் மொதல் தடவ. தொட்டியப் புடிச்சுனு நிக்கிறப்ப, தண்ணி ஊத்தி கழுவி விட்டுட்டா யாருக்குத் தெரியப் போவுதுன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. பொய் சொல்லல, தோணுச்சு.

கழுவாம வெளிய வந்து, "வந்துடுச்சுங்க"ன்னேன். அவரு கைல இருந்த துணிய அப்படியே போட்டுட்டு டாக்டரம்மாவுக்கு போன் போட்டாரு. சுருக்கம் மறுபடி விழுந்திருக்கலாம், இல்ல வேகமா முழுங்கியிருக்கலாம், பாத்தாத்தான் தெரியும், நாளைக்கே வான்னாங்க. காலைல ஆறரை ரயிலு. அவரும் வராரு, தேஜுவும் வரா.

எனக்கு ரொம்ப பயமா இருக்கு அக்கா. வேற எதையும் மறைக்கல.

உன் தங்கச்சி,
சகுந்தலா